இரண்டு மீன்தொட்டிகளுக்கு நடுவே தண்ணீர்ப் பாலம்: அளவெடுப்பதிலிருந்து மீன் கடக்கும் வரை

தண்ணீர்ப் பாலம் என்பது கவிழ்த்து வைத்த ‘ப’ வடிவக் குழாய். அதன் இரண்டு கால்களும் இரண்டு தொட்டிகளின் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். நடுப்பகுதி தொட்டி விளிம்புகளுக்கு மேலே படுத்திருக்கும். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் தண்ணீர் மேலேறி நிரம்பும். வெளிக்காற்று தொட்டித் தண்ணீரை எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால், ஏறிய தண்ணீர் அப்படியே நிற்கும். மீன்கள் அதன் வழியாக ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும்.

நான் இதுவரை மூன்று பாலங்கள் கட்டியிருக்கிறேன். நண்பர்கள் கட்டும்போது கூட நின்று பார்த்ததும் உண்டு. பெரும்பாலும் கைவேலையில் யாரும் தவறுவதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள். தொட்டியை நிரப்பிவிட்டு மட்டம் பார்ப்பார்கள், பாலத்தை ஒட்டிவிட்டுக் கணக்குப் போடுவார்கள், சோதிக்காமல் மீனை விடுவார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பாலம் என்றாவது ஒரு நாள் காற்று வாங்கி, உள்ளிருக்கும் தண்ணீரைக் கீழே விடும். அந்த நாளில் தரையில் ஒரு சொட்டு விழக்கூடாது, ஒரு மீன் சாகக்கூடாது. கீழே வரும் எல்லா அளவுகளும் அதற்காகவே.

1. முதலில் மீன்களைப் பாருங்கள்

பாலம் போட்ட பிறகு இரண்டு தொட்டிகளும் ஒரே தொட்டிதான். ஒன்றில் வெண்புள்ளி நோய் வந்தால் மற்றதிலும் வரும். ஒன்றில் மருந்து விட்டால் மற்றதற்கும் போகும். செம்பு கலந்த மருந்து என்றால் அடுத்த தொட்டியில் இருக்கும் இறாலும் நத்தையும் செத்துப்போகும்.

மீன்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் ஃபைட்டர், சண்டைக்கார சிக்லிட் வகைகள் இதற்கு ஆகாது. கப்பி, மோலி, பிளாட்டி, ஜீப்ரா டேனியோ போன்ற சிறிய, சுறுசுறுப்பான கூட்ட மீன்கள் நன்றாகப் பொருந்தும். 10 செ.மீ. அகலப் பாதையில் 6 செ.மீ. நீளம் வரையுள்ள மீன் தாராளமாகத் திரும்பும். பெரிய தங்கமீன் உள்ளே போய்த் திரும்ப முடியாமல் திணறும்.

மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டு தொட்டிகளிலும் பூஜ்யம் காட்டிய பிறகே இணையுங்கள். ஒன்றில் போர்வெல் தண்ணீரும் மற்றதில் மெட்ரோ தண்ணீரும் இருந்தால், இணைப்பதற்கு முன் இரண்டு வாரமாவது ஒரே டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரையே இரண்டிலும் மாற்றி வாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மை சட்டென்று மாறினால் மீன் தாங்காது.

2. தொட்டிகளை மட்டம் பார்த்து நிறுத்துதல்

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வீடுகளில் அதிகம் இருக்கும் அளவு: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம், 5 மி.மீ. கண்ணாடி. இரண்டு தொட்டிகளும் ஒரே வரிசையில், குறுகிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் 30 செ.மீ. இடைவெளி விட்டு நிற்கின்றன.

பாலம் இணைந்ததும் இரண்டு தொட்டிகளின் நீர்மட்டமும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். ஒரு ஸ்டாண்டு 2 செ.மீ. தாழ்ந்திருந்தால், அந்தத் தொட்டியில் தண்ணீர் மற்றதைவிட 2 செ.மீ. விளிம்பை நெருங்கி நிற்கும். வழிவதற்கு முதல் காரணம் இதுதான்.

ரசமட்டத்தை ஒரு தொட்டிக்குள் வைத்துப் பார்த்தால் போதாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் பிடித்து, ஒரு நுனியை முதல் தொட்டியின் விளிம்பிலும் மறு நுனியை இரண்டாவது தொட்டியின் விளிம்பிலும் பிடியுங்கள். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்யாகும். வித்தியாசம் 3 மி.மீ. வரை இருந்தால் பரவாயில்லை.

அப்புறம் தொட்டிகளை நிரப்பி ஒரு நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். சரளையோடு சேர்த்தால் ஒவ்வொரு தொட்டியும் 70 கிலோவுக்குக் குறையாது. மர ஸ்டாண்டு அந்தப் பாரத்தில் கொஞ்சம் அமுங்கும். அமுங்கிய பிறகு இருக்கும் மட்டமே உண்மையான மட்டம். பாலத்துக்கு அளவெடுப்பதும் அதன் பிறகுதான்.

3. அளவுக் கணக்கு

இந்தப் படியில் ஒரு மணி நேரம் செலவழித்தால் பின்னால் பல நாள் மிச்சம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீர்மட்டம் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே. பாலத்தின் அடித்தகடு விளிம்புக்கு 1 செ.மீ. மேலே. தகட்டின் கனம் அரை செ.மீ. பாதையின் உள் உயரம் 10 செ.மீ. கூட்டினால், பாலத்தின் கூரை நீர்மட்டத்திலிருந்து 16.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். காற்றை உறிஞ்சும்போது தண்ணீர் ஏற வேண்டிய உயரம் இது. காற்றழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் வரை தாங்கும் என்பதால் இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் சிறிய பம்புக்கு இது பெரிய உயரம். பாலத்தைத் தேவையில்லாமல் உயர்த்தாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

பாலத்தின் உள்நீளம்: இடைவெளி 30, இரண்டு தொட்டிக் கண்ணாடிகள் 1, கண்ணாடிக்கும் காலுக்கும் நடுவே பக்கத்துக்கு 1 செ.மீ. வீதம் 2, கால்களின் உட்சுவர்கள் இரண்டும் சேர்ந்து 1, கால்களின் உள் அகலம் 10 வீதம் 20. மொத்தம் 54 செ.மீ.

இனி பாலம் சுமக்கும் தண்ணீர். படுக்கைப் பாதை 54 × 10 × 10, அதாவது 5.4 லிட்டர். நீர்மட்டத்துக்கு மேலே பாதை வரைக்கும் இருக்கும் கால்பகுதிகள் இரண்டிலும் 1.3 லிட்டர். ஆக 6.7 லிட்டர். பாலம் காற்று வாங்கினால் இந்த 6.7 லிட்டரும் தொட்டிகளுக்குள்தான் இறங்கும். இரண்டு தொட்டிகளின் பரப்பும் சேர்ந்து 3600 சதுர செ.மீ. என்பதால் மட்டம் சுமார் 2 செ.மீ. உயரும். எல்லாம் ஒரே தொட்டியில் இறங்கினாலும் 3.7 செ.மீ. தான். நாம் விட்டிருப்பது 5 செ.மீ. அதனால் வழியாது.

உங்கள் தொட்டி வேறு அளவு என்றால் இதே வரிசையில் கணக்கிடுங்கள். பாலத்துத் தண்ணீர் முழுவதும் சிறிய தொட்டியில் இறங்கினாலும் வழியக்கூடாது, அதுதான் தேர்வு. அழகுக்காகப் பாதையை 15 செ.மீ. அகலமாக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதும் மனம் மாறிவிடுவார்கள்.

கால்கள் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்க வேண்டும்? 12 செ.மீ. வையுங்கள். 3, 4 செ.மீ. மட்டும் இறங்கினால் கோடைக்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் ஆவியாகி, காலின் வாய் வெளியே தெரிந்து, பாலம் காற்று வாங்கிவிடும். அடிவரைக்கும் இறக்கினால் வேறு ஆபத்து. ஒரு தொட்டியில் மெதுவாகக் கசிவு ஏற்பட்டால் இரண்டும் சேர்ந்து காலியாகும். 12 செ.மீ. என்றால், தண்ணீர் அந்த வாய் வரை இறங்கியதும் காற்று புகுந்து இணைப்பு அறுந்துவிடும். நல்ல தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் தங்கும், மீன் பிழைக்கும்.

4. தகடு வாங்குதல், வெட்டுதல்

கண்ணாடியில் செய்யலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். பக்கத் தகடு ‘ப’ வடிவத்தில் ஒரே துண்டாக இருந்தால்தான் மூட்டுகள் குறையும். கண்ணாடியை அப்படி உள்மூலை வைத்து வெட்டினால் அந்த மூலையிலிருந்தே விரிசல் ஓடும். அதனால் 5 மி.மீ. அக்ரிலிக் தகடு. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் தகடும் கிடைக்கும், வெட்டியும் கொடுப்பார்கள்.

வேண்டியவை 8 துண்டுகள்:

- ‘ப’ வடிவப் பக்கத் தகடு 2: வெளி அளவு 55 × 28.5 செ.மீ., நடுவில் 33 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழத்துக்கு வெட்டியெடுத்தது
- கூரை 1: 55 × 11 செ.மீ.
- கால்களின் வெளிச்சுவர் 2: 28.5 × 10 செ.மீ.
- கால்களின் உட்சுவர் 2: 18 × 10 செ.மீ.
- பாதையின் அடித்தகடு 1: 34 × 10 செ.மீ.

வெட்டுபவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். ‘ப’வின் உள்மூலைகள் கூர்மையாக இல்லாமல் சற்று வளைந்திருக்க வேண்டும், கூர்மூலையில் விரிசல் தொடங்கும். லேசரில் வெட்டாமல் ரூட்டர் அல்லது ரம்பத்தில் வெட்டச் சொல்லுங்கள். லேசர் வெட்டு பளபளவென்று அழகாக இருக்கும், ஆனால் சூடு பட்ட விளிம்பில் இறுக்கம் தங்கிவிடும். ஒட்டும் திரவம் பட்டதும் அங்கே தலைமுடி போன்ற மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் கிளம்பும்.

கூரையின் ஒரு ஓரத்தில், முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளி, காற்று எடுக்க ஒரு துளை. ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஒட்டிய பெட்டியில் துளை போட்டால் தூள் உள்ளே போய் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். அதில் ரப்பர் க்ரோமெட் (துளையின் ஓரத்தை இறுக்கி அடைக்கும் வளையம்) போட்டு 4 மி.மீ. ஏர் டியூப் கனெக்டரைச் செருகி, மேலே ஒரு சிறிய வால்வு மாட்டுங்கள். இந்தச் சின்னச் சாமான்கள் எல்லா மீன் கடையிலும் உண்டு. சென்னைக்காரர்களுக்கு, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் ஒரு நடை போதும்.

5. ஒட்டுதல்

என் முதல் பாலத்தை சிலிக்கான் போட்டு ஒட்டினேன். தொட்டிக்கு சிலிக்கான்தானே, இதற்கும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். பதினோராம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் பாலம் காலியாக நிற்கிறது. கூரைத் தகட்டை விரலால் நெம்பினேன். சிலிக்கான் முழு நீளத்துக்கும் ரிப்பன் மாதிரி உரிந்து வந்தது. கண்ணாடியைக் கெட்டியாகப் பிடிக்கும் சிலிக்கான் அக்ரிலிக்கைப் பிடிக்காது. தண்ணீர் வழியாமல் தப்பித்தது அந்த 5 செ.மீ. இடைவெளியால்தான்.

அக்ரிலிக்குக்கு என்று கரைப்பான் திரவம் தனியாக உண்டு. அது இரண்டு விளிம்புகளையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். தகடு வாங்கும் கடையிலேயே கிடைக்கும். ஊசி போட்ட சிறிய குப்பியில் எடுத்து மூட்டின் ஓரத்தில் விட்டால், தானே உள்ளே ஓடிப் பரவும். சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்பு வேண்டாம், குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

வரிசை இப்படி. ஒரு ‘ப’ தகட்டைத் தரையில் படுக்க வையுங்கள். அதன் மேல் வெளிச்சுவர்கள், உட்சுவர்கள், உட்சுவர்களின் தலையில் அடித்தகடு. இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ‘ப’வை மேலே கவிழ்த்து ஒட்டுங்கள். கடைசியில் நிமிர்த்தி வைத்துக் கூரை.

கூரையைச் சுவர்களுக்கு நடுவே செருகாமல் மேலே உட்காரவைப்பதற்குக் காரணம் உண்டு. பாலத்துக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. வெளிக்காற்று எல்லாத் தகடுகளையும் உள்நோக்கித் தள்ளும். மேலே உட்கார்ந்த கூரையை அந்த அழுத்தமே மூட்டோடு சேர்த்து இறுக்கும். நடுவே செருகிய கூரையை மூட்டிலிருந்து வழுக்கப் பார்க்கும். பெரிய ‘ப’ தகடுகள் மற்றவற்றின் விளிம்பின் மேல் உட்காருவதும் இதற்காகத்தான்.

இரண்டு நாள் உலர விடுங்கள். பிறகு கால்களின் வாய் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். மீன் உரசிக்கொண்டு போகும் இடம் அது.

6. தலைகீழாக வைத்துச் சோதித்தல்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாலத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டும் என்று காத்திருப்பார்கள். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஓட்டை சொட்டாது. காற்றைத்தான் உள்ளே இழுக்கும். கண்ணுக்குத் தெரியாமல் இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் பாலத்தைத் தலைகீழாக, கால்கள் மேலே பார்க்க வைத்து, வால்வை மூடி, வாய்வரை தண்ணீர் ஊற்றுங்கள். சுமார் 9 லிட்டர் பிடிக்கும். அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு நாள் விடுங்கள். கூரை மூட்டுகளுக்கு இப்போது 28.5 செ.மீ. தண்ணீரின் அழுத்தம், அதுவும் பிரித்துத் தள்ளும் திசையில். இதைத் தாங்கிய மூட்டு தொட்டியின் மேல் கண்டிப்பாகத் தாங்கும். தாளில் ஈரம் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்து, நன்றாகக் காயவைத்து, மறுபடியும் திரவம் விடுங்கள். ஈரத்தின் மேல் விட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், பிடிக்காது.

தண்ணீரைக் கொட்டிவிட்டு மூன்று முறை கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

7. ஏற்றி வைத்தல்

காலிப் பாலம் 2 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். நிரம்பிய பிறகு தண்ணீரையும் சேர்த்து 9 கிலோ. காலியாக இருக்கும்போது அசையாமல் நிற்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டு தொட்டிகளின் விளிம்பிலும் 1 செ.மீ. கனமுள்ள கெட்டி ரப்பர் பட்டை வைத்து, அதன் மேல் அடித்தகட்டை உட்கார வையுங்கள். அக்ரிலிக் நேரடியாகக் கண்ணாடி விளிம்பில் உட்கார்ந்தால் பாரம் ஒரு புள்ளியில் இறங்கும். காற்றுத் துளை இருக்கும் பக்கத்துப் பட்டை மட்டும் 2, 3 மி.மீ. உயரமாக இருக்கட்டும். குமிழிகள் தாமாக அந்தப் பக்கம் நகர்ந்து போய்ச் சேரும்.

தொட்டிக் கண்ணாடிக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் 1 செ.மீ. சந்தில் ஸ்பாஞ்சு செருகுங்கள். பயந்த மீன் அந்தச் சந்தில் புகுந்து மாட்டிக்கொள்ளும்.

8. காற்றை உறிஞ்சுதல்

வாயால் உறிஞ்ச வேண்டாம். தொட்டித் தண்ணீர் வாய்க்குள் போவது நல்லதல்ல, 6.7 லிட்டர் காற்றை உறிஞ்சி முடிக்கவும் முடியாது.

எளிய வழி, வென்ச்சுரி முனை (ஓடும் தண்ணீரின் வேகத்தால் காற்றை இழுக்கும் சிறு குழாய்) உள்ள பவர்ஹெட், அதாவது தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சிறிய பம்ப். பாலத்தின் வால்விலிருந்து ஒரு ஏர் டியூபை அந்த முனைக்கு இணைத்தால், பம்ப் ஓடும்போது பாலத்துக் காற்றை இழுத்துத் தொட்டிக்குள் குமிழியாகத் துப்பும். எல்லா பம்பும் இந்த உயரத்துக்கு இழுக்காது. முன்கூட்டியே பாருங்கள்: ஒரு டம்ளர் தண்ணீரில் டியூபின் நுனியைத் தோய்த்து, டியூபை மேலே தூக்கி வளைத்துப் பம்புக்குக் கொண்டுவாருங்கள். டம்ளரின் நீர்மட்டத்திலிருந்து 25 செ.மீ. வரை தண்ணீர் ஏறினால் அந்த பம்ப் போதும்.

பம்ப் இல்லையென்றால் 60 மி.லி. சிரிஞ்சு, டீ ஜாயிண்ட் (‘T’ வடிவ இணைப்பு), இரண்டு ஒருவழி வால்வுகள். 110 தடவைக்கு மேல் இழுக்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் நடக்கும்.

தண்ணீர் ஏற ஏறத் தொட்டிகளின் மட்டம் 2 செ.மீ. வரை இறங்கும். பதற வேண்டாம். ஹீட்டர் இருந்தால் முதலிலேயே அணைத்துவிடுங்கள். பாலம் முழுதும் நிரம்பிய பிறகு, விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே வரும்வரை தண்ணீர் சேர்த்து, அந்த இடத்தில் இரண்டு தொட்டிகளிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிரம்புவதற்கு முன்னாலேயே சேர்த்துவிட்டால் பிறகு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

வென்ச்சுரி டியூபை அப்படியே விட்டுவிடலாம். பிறகு சேரும் குமிழிகளை அது தானாகவே எடுத்துவிடும். ஒரே நிபந்தனை: பம்பின் வெளிவாய் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால், மின்சாரம் போன நேரத்தில் அந்த டியூப் வழியாகவே பாலத்துக்குள் காற்று ஏறிவிடும். டியூபின் நடுவே ஒருவழி வால்வும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

9. இரண்டு இரவு காத்திருத்தல்

வால்வை மூடிவிட்டு, மீன் கால்களுக்குள் நுழையாதபடி வாய்களில் வலை கட்டி, 48 மணி நேரம் விடுங்கள். கூரையில் குமிழி சேர்ந்தால் அதன் ஓரத்தை மார்க்கரால் வட்டமிட்டு மணியைப் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் நாள் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குமிழி சேர்ந்தால் கவலையில்லை. புதுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று பிரிந்து வருவது அது. இரண்டாம் நாள் குறையும். இரண்டாம் நாளும் அதே வேகத்தில் வளர்ந்து உள்ளங்கை அளவு ஆனால் எங்கோ காற்று புகுகிறது. முதலில் க்ரோமெட்டையும் வால்வையும் பாருங்கள். மூட்டைச் சந்தேகிப்பது கடைசியில்.

காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன் காலின் வாய்க்கு நேர் கீழே இருந்தாலும் குமிழிகள் நேராக உள்ளே போகும். அதைத் தொட்டியின் மறுகோடிக்கு நகர்த்துங்கள்.

10. பாலத்தின் வழியாகத் தண்ணீரை ஓடவிடலாமா?

ஒரு தொட்டியிலிருந்து பம்பால் அடுத்ததற்கு ஏற்றி, பாலத்தின் வழியே திரும்ப வரவைத்தால் ஒரே ஃபில்டர் போதுமே என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். பாலம் காற்று வாங்கிய அந்த நிமிடத்திலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். மட்டம் 2 செ.மீ. உயர்ந்த பிறகு மிச்சம் 3 செ.மீ., அதாவது ஒரு தொட்டிக்கு 5.4 லிட்டர் இடம். மணிக்கு 800 லிட்டர் இறைக்கும் சாதாரண பம்ப் அதை 24 நொடியில் நிரப்பிவிட்டுத் தரைக்கு வழியவிடும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் தனி ஃபில்டர் வையுங்கள். ஓட்டமில்லாத பாலத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் கலக்கும். ஒரு தொட்டியின் ஃபில்டர் மற்றதைக் காப்பாற்றாது.

11. மீன்களைக் கடக்க வைத்தல்

வலையை எடுத்ததும் மீன்கள் வரிசையாக ஏறிவிடாது. மேல்நோக்கிப் போகும் இருட்டுக் குழாய் அவற்றுக்குச் சந்தேகம். பாலத்தின் மேல் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு வையுங்கள்; தொட்டி விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். மூழ்கும் தீவனத்தைக் காலின் வாய்க்குப் பக்கத்திலேயே போடுங்கள். மிதக்கும் தீவனம் போட்டால் மீன்கள் மேற்பரப்பிலேயே நின்றுவிடும், வாய் இருக்கும் ஆழத்துக்கு வராது.

என் தொட்டியில் மூன்றாம் நாள் மாலை ஒரு கறுப்பு மோலி காலுக்குள் ஏறி, பாதையின் நடுவே நின்று, தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஐந்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுநாள் காலை அது அடுத்த தொட்டியில் இருந்தது, பின்னாலேயே இன்னும் இரண்டு. ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிட்டன. வலையில் பிடித்துப் பாலத்துக்குள் விடாதீர்கள். பயந்த மீன் பிறகு அந்தப் பக்கமே வராது.

12. பராமரிப்பு, இறக்குதல்

தினமும் பார்க்க வேண்டியவை இரண்டே: கூரைக் குமிழி, நீர்மட்டக் கோடு. பாசி பிடித்தால் மென்மையான துணி சுற்றிய காந்தத் துடைப்பான் போதும். கண்ணாடிக்கு வைத்திருக்கும் பிளேடும் கம்பி நாரும் அக்ரிலிக்கைக் கீறிவிடும், அந்தக் கீறலில் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

தண்ணீர் மாற்றும்போது ஒரு தொட்டியிலிருந்து எடுத்தால் இரண்டிலும் மட்டம் இறங்கும். கோட்டிலிருந்து 8 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். வாய் வெளியே தெரிய இன்னும் 4 செ.மீ. தான் இருக்கும்.

பாலத்தை இறக்க வேண்டி வந்தால், முதலில் உள்ளே மீன் இல்லை என்று பாருங்கள். இருந்தால் பாலத்து விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், தாமாகவே கீழே போய்விடும். பவர்ஹெட்டை நிறுத்தி, டியூபைக் கழற்றி, வால்வைச் சிறிதளவு மட்டும் திறங்கள். காற்று மெதுவாக ஏறும், தண்ணீர் இரண்டு பக்கமும் அமைதியாக இறங்கும். முழுதாகத் திறந்தால் தண்ணீர் தடாலென்று விழுந்து, அடியில் இருக்கும் கழிவெல்லாம் கலங்கிவிடும். காலியான பிறகு இரண்டு பேராகப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். சாய்த்தால் கால் தொட்டிக் கண்ணாடியில் இடிக்கும்.